ராயபுரத்து வரிப்பானை

1

பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பட்டணத்துக்கு இரண்டு காய்ச்சல் வரும். ஒன்று அம்மை. அதற்காவது வேப்பிலை இருக்கிறது. மற்றது வரி. அரையாண்டு முடிகிற மாதம் ஆகையால் வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி எல்லாவற்றிலும் கட்டாமல் நிற்கிற பாக்கியை ஒரே காகிதத்தில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குப் பிடித்து மாதக் கடைசி வரைக்கும் சனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்சாதியோடு பேசாத புருஷன், அடகுக் கடைக்கு நடக்கிற மாமியார், ஒன்றுமில்லாததற்கெல்லாம் அடி வாங்குகிற பிள்ளைகள்.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை ஒரு கடிதம் போட்டிருந்தாள். "நிக்கிற நிலத்துக்கு வரி, குடிக்கிற தண்ணிக்கு வரி, றோட்டு வெளிச்சத்துக்கும் வரியெண்டு சொல்லுகினம். அப்பிடியான ஊரிலை தனிப் பொம்பிளையா எப்பிடியக்கா நித்திரை கொள்ளுறீங்கள்?" என்று கேட்டிருக்கிறாள். அவள் ஒருத்தி கேட்டுவிட்டாள், ஊரிலுள்ள மற்றவர்கள் மனசுக்குள் கேட்கிறீர்கள். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன். பங்குனியில் இந்தச் சந்திலேயே நிம்மதியாகக் கண் மூடுகிறவள் நான்தான் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சந்தில் வரி கட்டுகிற ஆறு வீட்டுக்காரரும் அப்படித்தான் தூங்குகிறார்கள். இவள் பெருமை அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

2

நான் இங்கே வந்து பதின்மூன்று வருஷம். அவருக்குத் துறைமுகத்தில் டாலி குமாஸ்தா வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற உத்தியோகம். கலியாணமாகிக் கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, ஜட்காவில் ராயபுரம் வந்து சேர்ந்தபோது எனக்கு முதலில் பட்டது மணம். காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாடு, வேறொரு பக்கமிருந்து தோல், ரயில் பாதையிலிருந்து கரிப்புகை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் பழகிவிடும் என்றார். ஆறு மாதம் தேவைப்படவில்லை.

பாஷைதான் பழக நாளெடுத்தது. இவர்களும் தமிழ், நாங்களும் தமிழ். ஆனாலும் பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் நான் முதன்முதல் கேட்டது, "என்ரை பெட்டை இஞ்சை வந்தவளோ?" என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ கோழி வளக்கிறியா?" என்று கேட்டாள். நான் கேட்டது என் மகள் கமலாவை. இன்றைக்கு அந்தக் கமலாவே, "எம்மா, வூட்ல அரிசி கீதா?" என்று கேட்கிறாள். ஊர்ப் பேச்சு அவளிடம் கொஞ்சமும் தங்கவில்லை. புட்டு அவித்தால் முகத்தைச் சுளிக்கிறாள். ஆப்பமும் வடைகறியும் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

இன்னொன்றும் எழுத வேண்டும், வெட்கத்தோடு எழுதுகிறேன். வந்த புதிதில் குழாயடியில் முனியம்மாவின் குடம் என் குடத்தில் பட்டுவிட்டால் நான் திரும்பக் கழுவித்தான் தண்ணீர் பிடிப்பேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரில் நாம் படித்துக்கொண்டு வந்த பாடம் அது. அதை மறக்க எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

வந்த இரண்டாம் வருஷம் என் சீதனக் காசில் இந்த வீட்டை வாங்கினோம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், கிணறு இல்லை. என்னைப் பெற்ற ஐயா புகையிலைத் தோட்டத்தில் பாதியை விற்றுத் தந்த காசு. ஊர் முறைப்படி பத்திரம் என் பேரில்தான் எழுதினார் அவர். வேறு விதமாக எழுதலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால் வரிக்காக வீட்டை அளந்து பேர் எழுத ஆட்கள் வந்த அன்று அவர் துறைமுகத்தில் இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால் வந்து என் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. முனியம்மாவின் புருஷன் எத்திராஜைக் கூப்பிட்டு, எங்கள் அவர் பேரைச் சொல்லச் சொன்னேன். கனகசபை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்போது அதைத்தான் நினைத்தேன். எந்தக் காணி எந்தப் பெண்ணின் சீதனம் என்று ஊர் அதிகாரியான நம்மூர் விதானையாருக்கு நித்திரையிலும் தெரியும். அவருக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. இந்தப் பட்டணத்துக்கு விதானையார் கிடையாது, புத்தகம்தான் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

3

இப்போது பானைக்கு வருகிறேன்.

பிடியரிசி நமக்குப் புதிதல்ல. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பது. வீடு வாங்கிய கையோடு நான் அதை வரிக்குத் திருப்பினேன். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. மாதக் கடைசியில் பானையில் நாலைந்து நாள் சமையலுக்கு அரிசி சேர்ந்திருக்கும். அந்த நாலைந்து நாள் கடைக்குப் போகாமல் பானை அரிசியைப் பொங்குவேன். கடைக்குப் போயிருந்தால் செலவாகியிருக்கும் காசைப் பிஸ்கட் தகரப் பேணியில் போட்டு மூடிவிடுவேன். ஆறு மாதத்தில் பேணி நிறைந்துவிடும். ஒரு பிடி குறைந்ததை யார் வயிறும் கண்டதில்லை.

முனியம்மா இதை முதலில் பார்த்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். "இன்னா யாப்பாணத்தம்மா, கவர்மெண்டுக்கே வாய்க்கரிசி போட்றியா?" என்று கேட்டாள். சந்து முழுக்க அது பரவிற்று. குழாயடியில் நான் வந்தால், வாய்க்கரிசி ஆயிடுச்சா என்று விசாரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். பங்குனியில் யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டதும் உண்மை.

எத்திராஜுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. ஆனால் தகப்பன் விட்டுப் போன சொந்த வீடு. கூலி வந்த நாளில் வரியை யார் நினைக்கிறார்கள்? முந்தாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஆட்கள் வாரண்டோடு வந்து முனியம்மாவின் செம்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சாமான் அது. அண்டாவை ஏலம் போட்டு வரிக்கு ஈடு செய்துகொண்டார்கள். முனியம்மா அழவில்லை. அண்டா இருந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் வந்து, "அந்தப் பானை எங்க வாங்கின?" என்று கேட்டாள்.

4

தங்கைக்கு எழுதுகிற சாட்டில் நான் கண்ட மற்றச் சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கொழும்பிலோ கண்டியிலோ குடியேறினால் உங்களுக்கும் உதவும்.

பில் வந்ததும் அதைப் பார்த்துப் பயந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகக் கூடாது. படத்துக்குப் பின்னால் போன காகிதம் வாரண்டாகத்தான் வெளியே வரும். பழைய ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். புது பில்லைப் போன தடவை ரசீதோடு வைத்துப் பார்த்து, தொகை கூடியிருந்தால் உடனே போய்க் கேட்க வேண்டும். மாதக் கடைசியில் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும், நமக்கு அழுகை வரும். கட்டப் போவதற்கு மாத நடுவில் ஒரு புதன்கிழமை நல்லது. கடைசி மூன்று நாளில் அங்கே நிற்கிற கூட்டம் தேர் இழுக்கிற கூட்டம். கையில் சில்லறை சரியாக இருக்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது நம்மூர்ச் சதக் காசுக் கணக்கில் யோசித்து அணாக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். குமாஸ்தா என்னைத் திருப்பி அனுப்பினார். வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்து திரும்பவும் போனேன். மறுபடி அந்தப் பிழை விடவில்லை.

இவ்வளவும் தெரிந்த கெட்டிக்காரி, பில்லில் யார் பேர் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

5

அவர் இறந்து இப்போது நாலு வருஷம். ஒரு கிழமைக் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகும் பில் அவர் பேரில்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பேரைப் பார்க்க எனக்கு ஒரு ஆறுதல். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை யாரோ அவரை விசாரித்துக்கொண்டு வருவது மாதிரி இருக்கும். கட்டிவிட்டு ரசீதைக் கம்பியில் குத்திவிடுவேன்.

போன வருஷம் மாசிக் கடைசியில் அவருடைய தமையனாரிடமிருந்து கடிதம் வந்தது. நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. தம்பி செத்த செய்தி கேட்டு அழுதழுது இங்கே வந்தவர். வருஷா வருஷம் பனைப் பண்டங்களான ஒடியல் மாவும் பனாட்டும் அனுப்புகிறவர். அவர் எழுதியிருந்தது இதுதான். குமர்ப்பிள்ளையை வைத்துக்கொண்டு தனிப் பெண் பட்டணத்தில் இருப்பது குடும்பத்துக்கு அழகல்ல. சாவுக்கு வந்தபோது தான் கண்ட வரி பில்லில் வீடு தம்பி பேரில் இருக்கிறபடியால், மூத்தவர் என்ற முறையில் அதைத் தன் பேருக்கு மாற்றும்படி வரி ஆபீசுக்கு எழுதியிருக்கிறார். சித்திரை பிறந்ததும் வந்து, விற்று, எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஊருக்குப் போனால் நான் ஒரு மூலையில் உட்கார வேண்டிய விதவை. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் எனக்கு நடுக்கூடம் இல்லை. இங்கே நான் ஒரு தையல் மெஷினுக்குச் சொந்தக்காரி. வண்ணாரப்பேட்டை கடைக்கு மாதம் தவறாமல் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். கமலா இன்னும் மூன்று வருஷம் படித்தால் மெட்ரிக் எழுதுவாள். அவளிடம் கடிதத்தைக் காட்டியதும், "அங்க எனக்கு யாரும்மா கீறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைக் குத்திற்று. ஆனால் கேள்வி சரிதான்.

கோணிப்பை வியாபாரம் செய்கிற காதர் பாய் எங்கள் சந்தில் மூன்றாவது வீட்டுக்காரர். ஆபீஸ் விவகாரம் தெரிந்தவர். பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, வீடு உங்களுடையதுதான், ஆனால் புத்தகத்தில் பேர் மாறவில்லை என்றால் வழக்கு, வக்கீல் என்று இழுக்கும், முதலில் போய் மனுக் கொடுங்கள் என்றார். போனேன். பெரியத்தானின் கடிதம் அங்கே மேஜையில் இருந்தது. குமாஸ்தா அதை எடுத்துக் காட்டினார். பத்திரத்தில் உள்ள பெண் நான்தான் என்று சொல்ல அதே சந்தில் வரி கட்டுகிற இரண்டு பேர் சாட்சி வர வேண்டும், அவர்கள் கையில் இந்த அரையாண்டு ரசீது இருக்க வேண்டும், மாதம் முடிவதற்குள் வர வேண்டும் என்றார். வராவிட்டால் முதலில் வந்த மனுவைத்தான் எடுப்பார்களாம்.

சந்தில் சொந்த வீட்டுக்காரர் என்னோடு சேர்த்து ஆறு பேர். மற்றதெல்லாம் வாடகை வீடு. ஆறு பேரில் ரசீது கையில் இருந்தது எனக்கும் காதர் பாய்க்கும்தான். மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் வாரண்டு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். மிச்சம் இருந்தது எத்திராஜ் வீடு. அங்கே பானை இருந்தது, பேணி இருந்தது, கட்ட வேண்டியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அந்த மாதம் பார்த்துக் கப்பலும் குறைவு, எத்திராஜ் பாதி நாள் சும்மா திரும்பி வந்துகொண்டிருந்தார்.

குறைகிற காசை நான் தருகிறேன் என்று முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உன் காசுல நான் ரசீது வாங்கி, அந்த ரசீதைக் காட்டி உனக்கே சாட்சி சொல்லவா? அது சாட்சியா, யாப்பாணத்தம்மா?" என்றாள்.

நான் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. என் வீடு போகப்போகிறது, இவளுக்கு ரோஷம் பெரிதாக இருக்கிறது என்று நினைத்தேன். அரையாண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் ரசீதைக் கொண்டுவந்து என் மெஷினுக்கு மேல் வைத்தாள். பிறகுதான் கமலா சொல்லி எனக்குத் தெரியும். ஒன்பது நாள் அந்த வீட்டில் சோறு பொங்கவில்லை. கேழ்வரகுக் கூழும் காசிமேட்டில் மலிவாகக் கிடைத்த பொடி மீனும். பானையில் இருந்த அரிசியைத் தொடாமல், அதைக் காதர் பாய் வீட்டுக்கு விற்றுக் காசாக்கிப் பேணியில் போட்டிருக்கிறாள். எனக்காகவா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "உனுக்காக ஒண்ணும் இல்ல. என் அண்டாவுக்காக" என்றாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

6

மறுநாள் காலையில் நாங்கள் ஆபீசுக்குப் போனோம். நான், கமலா, காதர் பாய், எத்திராஜ். எத்திராஜ் தோய்த்த வேட்டி கட்டி, காதர் பாயிடம் இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார். கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். புதன்கிழமைக்காரியான நானும் அன்று தேர்க்கூட்டத்தில் நின்றேன்.

குமாஸ்தா பத்திரத்தைப் பார்த்தார், ரசீதுகளைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, பத்திரத்தில் சிவபாக்கியம் என்று இருக்கிறது, இந்த அம்மாள்தான் சிவபாக்கியம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று காதர் பாயைக் கேட்டார்.

காதர் பாய் பொய் சொல்லாதவர். தாடியைத் தடவிக்கொண்டு, கனகசபை சம்சாரம் என்று தெரியும், பேரைப் பத்திரத்தில் படித்ததுதான், பெண்கள் பேரை நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை என்றார். குமாஸ்தா எத்திராஜைக் கேட்டார். எத்திராஜ், "யாப்பாணத்தம்மா" என்றார். பேரைச் சொல்லுமய்யா என்றார் குமாஸ்தா. "அதான் சாமி பேரு" என்றார் எத்திராஜ்.

பதினோரு வருஷமாக இந்தச் சந்தில் இருக்கிறேன், என் பேர் சொல்லி ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அவர் என்னை இஞ்சாரும் என்றுதான் கூப்பிடுவார். கமலாவுக்கு நான் அம்மா. சந்துக்கு யாழ்ப்பாணத்தம்மா. என் பேரை உள்ளது உள்ளபடி எழுதுகிற ஒரே ஆள் பெரியத்தான். அவர் எழுதிய கடிதம் எதிரே மேஜையில் கிடந்தது. பேரே தெரியாதவர்கள் என்ன சாட்சி என்று குமாஸ்தா காகிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

கதவுக்குப் பின்னால் நின்று சொல்லாமல் விட்ட பேரை அன்றைக்குச் சொன்னேன். "என்ரை பேர் சிவபாக்கியம்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எத்திராஜ் என்னைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பினார்.

"பேரு இப்பத்தான் தெரிஞ்சுது சாமி. ஆளை பதினோரு வர்சமா தெரியும். நீ பேருக்கு சாட்சி கேக்குறியா, ஆளுக்கு கேக்குறியா?"

குமாஸ்தா எழுந்து உள்ளே போய்த் தலைமைக் குமாஸ்தாவைக் கூட்டி வந்தார். வயதான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எத்திராஜிடம், இந்த அம்மாளை உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

"இந்தம்மா புருசன் செத்தப்ப தூக்கிகினு போன நாலு பேர்ல நான் ஒருத்தன். இதுக்கு மேல இன்னா தெரியணும் சாமி?"

நான் கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள், "எம்மா, இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்று காதுக்குள் கேட்டாள். குழாயடியில் நான் கழுவின குடம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதற்காகத்தான் அழுதேன், வீட்டுக்காக அல்ல.

தலைமைக் குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே புத்தகத்தைத் திறந்து எழுதினார். எத்திராஜ் கைநாட்டு வைத்தார், காதர் பாய் கையெழுத்துப் போட்டார். பெண் பேரும் வரிப் புத்தகத்தில் ஏறினால் ஓட்டு வரும் என்று வழியெல்லாம் காதர் பாய் சொல்லிக்கொண்டு வந்தார். வரட்டும் பார்ப்போம். அன்றைக்கு மாலை முனியம்மா என்னைச் சிவபாக்கியம் என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். வாய்க்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிப் பழையபடி யாப்பாணத்தம்மாவுக்கே திரும்பிவிட்டாள்.

மிச்ச மூன்று வீட்டிலும் அந்தச் சித்திரையிலேயே பானை வைத்தார்கள். இந்த வருஷம் எங்கள் சந்துக்குள் வாரண்டு வரவில்லை.

7

பெரியத்தான் சொன்னபடி சித்திரை நடுவில் வந்தார். அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் புது அரையாண்டு பில் வந்திருந்தது. குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தேன். ஊர்ச் சாப்பாடு மாறவில்லை, பிள்ளையின் பாஷைதான் காதில் விழுத்த முடியாமல் இருக்கிறது என்று சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வரி பில்லை எடுத்து வா, ஆபீசில் கதைத்துப் பேரை மாற்றி முடித்துக்கொண்டு வாங்குகிற ஆளைப் பார்க்கலாம் என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தார். திரும்பவும் படித்தார். ஆபீசில் நடந்ததை ஒன்று விடாமல் நான் சொன்னேன். எத்திராஜ் சொன்னதையும் சொன்னேன்.

"பொம்பிளையின்ரை பேரிலை வரியோ?" என்று கடைசியாகக் கேட்டார். கோபத்தில் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேறு ஒன்றும் அகப்படவில்லை போலிருந்தது.

"நீங்கள் இருக்கிற வீடு ஆரின்ரை பேரிலை, பெரியத்தான்?" என்றேன்.

அவர் இருப்பது அவர் பெண்சாதியின் சீதன வீடு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம்மூர் விதானையாருக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கிற்று. தம்பி எழுதி வைத்தது சரிதான் என்றார்.

பிறகு பில்லில் தொகையைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பையை அவிழ்த்தார். இந்தத் தடவை வரியை நானே கட்டிவிட்டுப் போகிறேன் என்றார். அவர் மனசு எனக்குத் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்பிப் போக அவருக்கு முடியவில்லை. வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு கணம் யோசித்தும் பார்த்தேன்.

"வையுங்கோ பெரியத்தான். பேர் என்ரை. வரியும் என்ரை."

அவர் பையைத் திரும்ப முடிந்துகொண்டார். பில்லை மடித்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.